எந்த ஷிப்டு அம்மா

1.

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ஒரு சிறுமி கேட்ட கேள்வி. குழந்தைகள் இல்லத்தில் துணி துவைப்பவன் நான். நான் எழுதுவதைப் பார்த்துச் சமையல்காரி சிரிக்கிறாள். "அண்ணே, தலையணைக்கு எந்த ‘ண’ன்னு நேத்து என்னத்தான கேட்டீங்க?"

2.

தாயன்புக்கு ஏங்கிய அந்தப் பிஞ்சு உள்ளம்—

இந்த வரியை அடித்துவிட்டேன். அவள் எங்கே ஏங்கினாள்? அவளுக்குக் காலை அம்மா, மதிய அம்மா, ராத்திரி அம்மா என்று மூன்று பேர். இல்லத்தில் பிள்ளை பார்க்கும் பெண்களுக்கு அதுதான் பட்டம். ஷிப்டு முடிந்தால் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பிறந்ததிலிருந்து இவள் கண்ட அம்மா அப்படித்தான்.

அவளைக் கடுகு என்போம். (நிஜப் பேர் எதற்கு? நீங்கள் யாரோ, எவரோ.)

3.

பஸ் கண்டக்டர் வேலை பார்க்கும் ஒருத்தி கடுகை எடுத்து வளர்க்க ஆசைப்பட்டு, பல மாதமாக வந்து போனாள். காகிதமெல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை சரியென்று சொல்வதுதான் பாக்கி. மாட்டேன் என்றால் அதோடு போயிற்று.

மொட்டை மாடியில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்று புகுந்ததில் அவை மெல்ல மூச்சு விட்டன. வெள்ளைச் சந்துகளுக்குள் கடுகும் கண்டக்டரும் நடந்தார்கள். நான் இந்தப் பக்கம் பிழிந்துகொண்டிருந்தேன். எனக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. வீடு மொத்தமும் பாய்மரம் கட்டி, மேகத்துக்குள்— (போதும். மாடி மாடியாகவே இருக்கட்டும். ஆனாலும் கொஞ்சம் மிதந்தது.)

"நீங்க எந்த ஷிப்டு அம்மா?" என்றாள் கடுகு.

"எல்லா ஷிப்டும் நாந்தான்டா."

"அப்ப நீங்க எப்ப வீட்டுக்குப் போவீங்க?"

நெரிசல் பஸ்ஸில் நாளெல்லாம் நிற்கிற கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

"வேணாம். உங்களுக்குக் கால் வலிக்கும்," என்றாள் கடுகு.

4.

முடிவு ஒன்று: இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பொய்.

முடிவு இரண்டு: கண்டக்டர் தனியாகப் படியிறங்கினாள். இதைத்தான் எழுத இருந்தேன். அவள்மேல் பாவப்பட்டே வேண்டாம் என்றுவிட்ட பிள்ளையிடம் யார் என்ன பேச முடியும்?

ஆனால் சின்னக் கால்கள் ஓர் அடி முன்னால் வந்தன.

"ஒரு ஷிப்டு நான் பாக்கட்டா? நீங்க தூங்குங்க."

பதில் வந்தது. காற்றில் போர்வை படபடத்ததில் எனக்குக் கேட்கவில்லை. இட்டுக்கட்ட மாட்டேன்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள். சொன்னால் அவள் நம்பிவிடுவாள்.