முகமூடி போட்ட முகவரி

நோரீன் போட்ரி காப்பிக் கோப்பையை மேஜையில் வைத்த வேகத்தில் பாதி காப்பி கீபோர்டில் கொட்டியது. கொட்டட்டும், இப்போது கீபோர்டா பெரிசு?

டயாலிசிஸ் மிஷின்களுக்கு நெட்வொர்க் கார்டு செய்கிற கம்பெனி அது. கானாட்டா என்ற ஊரில் இருந்தது. அந்தக் கார்டை இயக்கும் மென்பொருள், டிரைவர் என்பார்கள், முழுக்க நோரீன் எழுதியது. வடக்கே ஹர்ஸ்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் கிளினிக்கில் நாலு மிஷின்கள். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை திடீர் திடீரென்று உறைந்து நின்றன. கிளினிக் அந்த அறையைப் பூட்டிவிட்டது. அங்கே டயாலிசிஸுக்குப் படுத்து எழுந்தவர்களில் ஒருவன் நோரீனின் தம்பி லார்ன். இப்போது வாரத்தில் மூன்று நாள் பனிக்குள் டிம்மின்ஸ் நகர ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டுகிறான், போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். இன்று சாயங்காலத்துக்குள் சரியான டிரைவர் வராவிட்டால் மிஷின்களைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பிரிவையே மூடிவிடுவோம் என்று கிளினிக் சொல்லிவிட்டது. மூடினால் லார்னுக்கு ஆயுசு முழுக்க அந்த ரோடுதான்.

கோளாறு எங்கே என்று தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்? அதற்காகத்தான் டிரைவர் தான் செய்வதையெல்லாம் லாக் என்கிற பதிவேட்டில் எழுதிக்கொண்டே போகும். இந்த இடத்தில் மெமரி எடுத்தேன், இந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தேன் என்று. அந்த 'இந்த இடம்' என்பதைத்தான் வெண்டல் மறைத்துத் தொலைத்திருந்தான். மெமரியின் உண்மையான முகவரி வர வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு முகமூடி. வெண்டல்தான் பாதுகாப்புக்குப் பொறுப்பு. அவன் தன் டிஜிட்டல் சாவியால் முத்திரை போடாமல் எந்த டிரைவரும் வாசலைத் தாண்டாது.

முகமூடியைக் கழற்றிவிட்டு ஒரு புது டிரைவர் செய்துகொண்டு நோரீன் அவன் மேஜைக்கே போனாள். கையில் கிளினிக்கிலிருந்து வந்த லாக், அச்சடித்த கற்றை.

"முத்திரை போடு வெண்டல். முகவரியெல்லாம் அப்படியே தெரியும். அந்த ஒரு கிளினிக்குக்கு மட்டும்தான்."

வெண்டல் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். "மாட்டேன்."

"மாட்டியா?"

"அந்த கிளினிக்காரன் லாக்கைக் கொண்டுபோய் இன்டர்நெட்ல ஊரே பாக்கிற உதவிப் பக்கத்துல ஒட்டுவான். போன தடவையும் அதத்தான் பண்ணான். எது எங்க இருக்குன்னு திருடனுக்கு நாமளே வரைஞ்சு குடுக்கணுமா? அந்த மிஷின்ல மனுஷன் ரத்தம் ஓடுது நோரீன்."

"எங்க ஓடுது? ஓடவே இல்லையே! செத்துக் கிடக்கிற மிஷினுக்குப் பூட்டு போட்டு என்ன கிழிக்கப்போற?"

"கத்தாத. எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்! உனக்கென்ன, சாயங்காலம் ஹாக்கி பாக்கப் போயிடுவ. என் தம்பி வழியில சறுக்கிப் பள்ளத்துல கிடந்தா நீயா போய்த் தூக்குவ?"

"தம்பிய இதுல இழுக்காத."

"இழுப்பேன்! நீ பண்ணி வச்சிருக்கிற லட்சணத்தப் பாரு. இதப் படிச்சா எவனுக்காவது ஏதாவது விளங்குதான்னு சொல்லு." கற்றையை விசிறினாள். கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாகக் குத்திக் குத்திக் கத்தினாள். "மெமரி எடுத்தாச்சு, ஏழு சி நாலு ஒண்ணு. என்ன எழவு இது? கேபிள் கழண்டுச்சு, திருப்பிக் குடுத்தாச்சு, ஏழு சி நாலு ஒண்ணு. பிரமாதம்! கார்டை மூடுறேன், திருப்பிக் குடுத்தாச்சு, ஏழு சி..."

வாய் நின்றுவிட்டது.

வெண்டல் நாற்காலியை முன்னால் இழுத்தான். "நடுவுல மறுபடி எடுத்ததா ஏதாவது வரி இருக்கா?"

அவள் விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். இல்லை. ஒரு தடவை எடுத்ததை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்திருக்கிறது டிரைவர். இரண்டாவது தடவையில்தான் எல்லாம் நாசமாகிறது.

மிஷினை அணைக்கிற வரைக்கும் ஒரு இடத்துக்கு ஒரே முகமூடிதான். நோரீனுக்கு இது தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு முகமூடியைக் கண்டாலே குப்பை என்று கண் தாண்டிப்போய்விடும். போதாததற்கு வெண்டல்மேல் இருந்த ஆத்திரம். இரண்டு வாரமாக அந்தத் தாள் அவள் மேஜையில்தான் கிடந்தது.

திருத்தம் ஒரே வரி. பரிசோதனைக் கூடத்தில் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார்கள், மிஷின் உறையவில்லை. முத்திரை போடுவதற்கு முன் வெண்டல் வழக்கம்போல அந்த வரியின் பழைய வரலாற்றைத் திறந்தான். இரண்டாவது தடவை திருப்பிக் கொடுக்கிற வரிக்குப் பக்கத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. நோரீன் போட்ரி. அவன் ஒன்றும் சொல்லாமல் முத்திரையைப் போட்டான்.

"ஏதாவது சொல்லித் தொலையேன்!" என்றாள்.

"என்னத்தச் சொல்ல? போன வருஷம் இந்த லாக் வரிங்களையே மொத்தமா தூக்கிடலாம்னு சொன்னவன் நான். நீதான் சண்டை போட்டு வச்ச. தூக்கியிருந்தா இன்னிக்கு இதுவும் இல்ல."

அவன் நியாயமாகப் பேசியது அவளுக்கு இன்னும் எரிந்தது. கதவை அறைந்துவிட்டு வெளியே போய் லார்னைக் கூப்பிட்டாள். டிம்மின்ஸிலிருந்து திரும்புகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றிருந்தான். ரத்தம் சுத்தமான அன்றைக்கு எப்போதும் போலக் குரல் தளர்ந்திருந்தது.

"சரியாயிடுச்சுடா. அடுத்த வாரம் உங்க ஊர்லயே படுத்துக்கலாம்."

"அப்பாடா! யாரு பண்ண கூத்தாம்? அந்த வெண்டல் பயதானே?"

"இல்லடா. நான்தான். நான் எழுதின வரி."

லார்ன் வைப்பரை அணைத்தான்.

"ரெண்டு வாரமா அவனத் திட்டித் தீத்தியே நோரீ. என்னையும் சேத்துத் திட்ட வச்ச."

"ஆமா."

"ஒவ்வொரு வளைவுலயும் அவன் பேரச் சொல்லித்தான் ஓட்டினேன். இப்ப நான் யாரத் திட்டுறது?"

"என்னையே திட்டு."

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். லார்ன் சும்மா விடவில்லை. பனி, ரோட்டில் கண்ணுக்கே தெரியாத கறுப்பு ஐஸ், லாரிகள், ஊசி குத்தின கை மரத்துப்போய் ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் ஓரமாக நிறுத்தி அழுதது என்று எல்லாவற்றையும் எடுத்துத் திட்ட ஆரம்பித்தான். அழுததை அவன் இதுவரை அவளிடம் சொன்னதே இல்லை. வாகன நிறுத்தத்தில் காது விறைக்க நின்றபடி, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், அவன் முடிக்கிற வரைக்கும் நோரீன் கேட்டாள்.