நிலாக் கிழவருக்குத் தனி வாசல் கிடையாது

துறைமுகத்துக் கோயிலில் மாட்சு அம்மன்தான் மூலவர். கடலுக்குப் போகிறவர்களைக் காப்பவள். பின்பக்க மூலையில், ஊதுபத்திப் பெட்டிகளுக்கு நடுவே, ஜோடி சேர்த்து வைக்கும் நிலாக் கிழவர் ஒண்டுக்குடித்தனம் இருந்தார். கோயிலில்தான் அப்படி. இணையத்தில் கதையே வேறு. அவருக்கு விளக்கேற்றப் பதிவு செய்யும் தளத்தில் தைவான் முழுக்க இருந்த இளசுகள் மொய்த்தார்கள். அம்மனின் தளத்தில் ஈ, காக்கை இல்லை.

இது கோயில் கமிட்டித் தலைவர் ஷுவேயின் கண்ணை உறுத்தியது. மீன் உருண்டைத் தொழிற்சாலை முதலாளி. தன் கட்டடத்தில் குடியிருக்கிறவன் தன்னைவிடப் பெரிய பெயர்ப்பலகை மாட்டினால் பொறுக்காதவர்.

"கிழவர் இங்க குடக்கூலிக்காரர். அவருக்கு எதுக்கும்மா தனி முகவரி? அம்மன் முகவரிக்குள்ளயே ஒரு ஃபோல்டர்ல கொண்டுபோய் வை" என்றார் ஜிங்-ரூவிடம்.

கிழவரின் தளத்தைக் கட்டியவள் ஜிங்-ரூ. இந்தக் கோயிலை நம்பித்தான் நல்ல கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்திருந்தாள்.

"வைக்கலாம் தலைவரே. ஆனா அந்தத் தளம் தனி வீட்டுல இருக்கறதா நினைச்சிட்டிருக்கு. எந்தப் பக்கம் வேணும்னாலும் தெருவாசல்லேர்ந்து தேடும். உள்ளறைக்கு மாத்தினா எல்லா வழியையும் திருத்தணும். சோதிச்சுப் பாக்க ரெண்டு வாரமாவது ஆகும்."

"அம்மன் என்ன சொல்றான்னு கேப்போம். மூணு நாள் போதுமா தாயே?"

ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் குவிந்தும் இருக்கும் இரண்டு பிறைக்கட்டைகளை அவர் தரையில் போட்டார். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தது. அப்படி விழுந்தால் சம்மதம்.

"பாத்தியா? அம்மனைவிட நீ பெரிய ஆளா? புத்தாண்டு விளக்குப் பதிவு தொடங்கறதுக்குள்ள முடிக்கலைன்னா ரெண்டு தளத்தையும் யென்-ஹுங்கிட்ட குடுத்துருவேன்."

யென்-ஹுங் அவருடைய அக்கா மகன். அம்மனின் தளத்தைப் பார்த்துக்கொள்பவன். பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தான்.

ஜிங்-ரூ மூன்று நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தாள். கிழவரைத் தேடி உள்ளே வருகிற எந்த முகவரியையும் மாற்றி எழுதி அவர் அறைக்குத் திருப்பிவிடும் விதியை எழுதினாள். அவள் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கோயில் தளத்தில் ஏற்றியதும் முகப்பு திறந்தது. எதை அழுத்தினாலும் அம்மனின் வரவேற்புப் பக்கத்தில் போய் நின்றது.

யென்-ஹுங்கைப் பிடித்து உலுக்கியதில் விஷயம் வெளியே வந்தது. "பக்கம் இல்லைன்னு வருமேக்கா, அது மாமாவுக்குப் பிடிக்கல. கோயிலுக்கு வந்தவன்கிட்ட இல்லைன்னு சொல்லலாமான்னார். அதான் இல்லாத முகவரி எதுவா இருந்தாலும் அம்மன்கிட்ட அனுப்புன்னு வாசல்லயே ஒரு விதி போட்டுட்டேன்."

"அது என் விதியைப் பாக்கறதுக்கு முன்னாடியே ஆளைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவுதுடா. கிழவர் அறைக்குப் போறவங்களை விட்டுடுன்னு ஒரே ஒரு வரி சேரு."

"மாமா சொல்லாம தொட மாட்டேன்க்கா. எனக்கு வீட்டுல சோறு வேணும்ல?"

மாமா எப்படிச் சொல்வார்? அவர் வானத்தில் மிதந்துகொண்டிருந்தார். அம்மனின் பக்கத்தில் இருந்த ஒரே படிவம், மீன்பிடிப் படகுக்கு ஆசி கேட்கும் படிவம். காதல் கைகூட வந்த பெண்கள் அதைத்தான் நிரப்பினார்கள். படகின் பெயர் என்ற இடத்தில் மனதுக்குப் பிடித்தவன் பெயர். படகின் நீளம் என்ற இடத்தில் அவன் உயரம். எஞ்சின் நிலைமை என்ற இடத்தில் ஒருத்தி, "நல்லவன்தான், கொஞ்சம் கூச்சம்" என்று எழுதியிருந்தாள்.

"நம்ம துறைமுகத்துல இத்தனை படகா? அம்மன் சக்தியப் பாரு" என்று பூரித்தார் தலைவர்.

மறுநாள் காலை புத்தாண்டுப் பதிவு தொடங்குகிறது. ஜிங்-ரூ கமிட்டி முன்னால் நடந்ததை உடைத்துச் சொன்னாள்.

"எதையும் நான் முடிவு பண்றதில்லம்மா" என்றார் தலைவர். "விதியை மாத்தணும்னா பெரிய விஷயம். மூணு தடவை தொடர்ந்து சம்மதம் வரணும். நீயே போடு."

போட்டாள். முதல் தடவை சம்மதம். அடுத்த தடவை இரண்டும் மல்லாந்து விழுந்தன. அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம். அம்மன் மட்டுமா, கமிட்டியே சிரித்தது. யென்-ஹுங் கிழவர் தளத்தின் கடவுச்சொல்லைக் கேட்டுக் கை நீட்டினான்.

ஜிங்-ரூ கட்டைகளைக் கீழே வைக்கவில்லை. "இன்னொரு கேள்வி இருக்கு. தாயே, இனிமே இந்தக் கல்யாணக் கேஸ் அத்தனையையும் கிழவருக்குப் பதிலா நீங்களே பாத்துக்கச் சம்மதமா? இதுவும் பெரிய விஷயம்தானே தலைவரே? மூணு தடவை வேணுமில்ல?"

தலைவர் வாயைத் திறந்தார். அம்மன் சன்னிதியில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினார்.

முதல் தடவையே இரண்டு கட்டைகளும் குப்புறக் கவிழ்ந்தன. மறுப்பு. கல்யாணக் கேஸ் அம்மனுக்கு வேண்டாமாம்.

"அந்த வரியச் சேருடா" என்றார் தலைவர்.

யென்-ஹுங் சேர்த்தான். கிழவரின் விளக்குப் படிவம் திறந்தது. ஜிங்-ரூவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கமிட்டி கலைந்ததும் தலைவர் அவளை ஓரமாக அழைத்தார். "அந்தக் கேள்விய எப்படிம்மா அப்படித் திருப்பின?"

"என் பிழைப்பே அதுதானே தலைவரே. வர்ற கேள்விய உள்ள போறதுக்கு முன்னாடி மாத்தி எழுதறது."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த தலைவர் யாருன்னும் அம்மன்கிட்டதான் கேக்கப்போறாங்க. அதுக்கும் ஒரு கேள்வி எழுதித் தருவியா?"

"தர்றேன்" என்றாள் ஜிங்-ரூ. "சோதிச்சுப் பாக்க ரெண்டு வாரம் ஆகும்."

"எடுத்துக்கம்மா, நல்லா எடுத்துக்க" என்றார் தலைவர். இந்தத் தடவை அவர் கட்டைகளைத் தொடவில்லை.