வாளிச் சின்னத்துக்கு ஒரு ஓட்டு

கஸ்பார் செத்த பிறகும் தேர்தலில் நின்றுகொண்டுதான் இருந்தார்.

நாகல் நகரில் ஆட்டோ ஓட்டிய மனிதர். அவர் தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் அன்று அதுதான் செய்தி. அதைத் தட்டிக் கேட்கிறேன் என்று சட்டமன்றத் தேர்தலுக்குச் சுயேச்சையாக மனு போட்டார். கிடைத்த சின்னம் வாளி. "வாளி கெடச்சிருச்சு, தண்ணிதான் பாக்கி" என்று தெருவே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கையில், பேசிக்கொண்டே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பெரிய கட்சி வேட்பாளர் இறந்தால் தேர்தலையே தள்ளி வைப்பார்கள். சுயேச்சை இறந்தால் பேரும் படமும் மெஷினில் அப்படியே இருக்கும். அடக்கத்துக்கு வந்த தெருக்காரர்கள் அவர் மனைவி சகாயசெல்வியின் கையைப் பிடித்து, "எங்க வீட்டு ஓட்டு அண்ணனுக்குத்தான்" என்றார்கள். சாவு வீட்டில் வேறு என்ன சொல்வார்கள்? அவள் நம்பினாள். தன் புருஷன் கோமாளியாகச் செத்துப்போகவில்லை என்று அந்தத் தெரு சொன்னால் போதும் அவளுக்கு. மகன் ரொனால்டு மட்டும் வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "ஊரே சிரிக்குதுப்பா, வாபஸ் வாங்குங்க" என்று சண்டை போட்டுக் கடைசிவரை அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசாதவன் அவன்.

ஓட்டுப்பதிவு அன்று இருவரும் பள்ளிக்கூடத்து பூத்துக்குப் போனார்கள். அவன் முன்னால் போய்விட்டு வந்தான்.

"அப்பாவுக்குத்தாம்மா போட்டேன்" என்றான், அவள் கேட்காமலே.

அவள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அந்தச் சந்தோஷத்தோடுதான் உள்ளே போனாள்.

மெஷினில் கடைசிக்கு முந்தின இடத்தில் கஸ்பார் இருந்தார், வெள்ளைச் சட்டையில். பட்டனை அமுக்கினாள். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் வெளிச்சம் வந்து, ஒரு சீட்டு இறங்கி நின்றது. அவர் பேர், வாளிப் படம். ஏழு விநாடி தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். இமைக்காமல் பார்த்தாள். சீட்டு அறுந்து உள்ளே விழுந்தது. குழிக்குள் இறக்கும்போதும் இவ்வளவு நேரம்தான் அவர் முகத்தைப் பார்த்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்தச் சீட்டு எனக்குக் கெடைக்குமாய்யா?" என்று அதிகாரியிடம் கேட்டாள்.

"தரக்கூடாதும்மா. பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கும்."

ஓட்டு எண்ணிய அன்று சாயங்காலம், ஒரு கட்சிக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு பாஸ்கல் நேரே அவர்கள் வீட்டுக்கு வந்தான். ரொனால்டும் வீட்டில்தான் இருந்தான்.

"மொத்தம் நூத்திச் சொச்சம் மதினி. மொகந்தெரியாத ஊர்ல எல்லாம் அண்ணனுக்குப் போட்டிருக்காங்க."

"நம்ம பூத்துல?"

பாஸ்கல் தரையைப் பார்த்தான். "ஒண்ணு."

அவ்வளவு பெரிய தெருவுக்கு ஒன்று. கையைப் பிடித்துச் சொன்னவர்களில் ஒருத்தர்கூடப் போடவில்லை. பாஸ்கலும் கையைப் பிடித்தவன்தான். அதுகூட அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த ஒன்று யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடிக்குள் தன் கண்ணால் பார்த்தவள்.

மகனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த வீட்டில் ஓட்டு ரெண்டாயிற்றே என்று பாஸ்கலும் அவனைத்தான் பார்த்தான். அவளுக்கு ஆத்திரம் வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம். கேட்டால், அப்பன் போன வீட்டில் பிள்ளையும் இல்லாமல் போய்விடுவான்.

"அது ரொனால்டு போட்டது" என்றாள். "நாந்தான் கண்ணு மசங்கி வேற பட்டன அமுக்கிட்டேன்."

பாஸ்கல் உச்சுக் கொட்டினான். ரொனால்டு மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தான். இப்போதாவது சொல்லிவிடுவான் என்று அவள் காத்திருந்தாள்.

"சரி, விடும்மா" என்றான் அவன். "தெரியாமத்தான செஞ்ச."

"ஆமாப்பு" என்று சொல்லிவிட்டு, பாஸ்கலுக்குக் காப்பி போட எழுந்து போனாள்.