ஒரே ஒரு பயனாளி

எங்கள் கல்லூரியின் பழங்குடி மாணவர் ஆதரவு மையத்துக்கு ஒரு அறை உண்டு, பெயர்ப்பலகை உண்டு, ஒருங்கிணைப்பாளர் உண்டு. ஒருங்கிணைப்பாளர் நான்தான், துர்காதேவி, தமிழ்த்துறை. மாணவர் என்று பார்த்தால் ஒரே ஆள். அருஞ்சுனை, வேதியியல் இரண்டாம் ஆண்டு, திருச்சுழிப் பக்கம் ஒரு காட்டுநாயக்கர் குடியிருப்பிலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் வருகிற பிள்ளை.

ஒரே ஆள் என்பதால் எல்லாவற்றுக்கும் அவள்தான். தன்னம்பிக்கைப் பயிற்சியா, அருஞ்சுனையைக் கூப்பிடு. மதுரையிலிருந்து மனநல ஆலோசகர் வந்திருக்கிறாரா, அருஞ்சுனையைக் கூப்பிடு. நாற்காலி காலியாகத் தெரியக் கூடாது என்று வராந்தாவில் போகிற பிள்ளைகளையும் பிடித்து உட்கார வைப்போம். படம் எடுத்ததும் அவர்கள் கழன்றுகொள்வார்கள். அவள் மட்டும் கடைசி வரை உட்கார்ந்து, படிவத்தை நிரப்பி, "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எழுதிக் கொடுப்பாள். அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

விதிப்படி கூட்டங்களை வகுப்பு முடிந்த பிறகுதான் நடத்த வேண்டும். நாலு மணிக்கு மேல் வைத்தால் அவளுக்கு பஸ் போய்விடும். வருகிற விருந்தினர்களுக்கும் முதல்வருக்கும் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிதான் தோது. அதனால் கூட்டத்தைப் பதினோரு மணிக்கு நடத்திவிட்டு, குறிப்பேட்டில் மாலை நான்கு மணி என்று எழுதிவிடுவேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பார்கள். முத்து முத்தாகவே எழுதினேன்.

அக்டோபர் கடைசியில் அருஞ்சுனை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், செய்முறைத் தேர்வு லிஸ்ட்ல என் பேரு இல்ல."

"ஏன், லீவு போட்டியா?"

"ஒரு நாளும் போடல. பதினஞ்சு லேப்புல அஞ்சு ஆப்சென்ட்டாம். எழுபத்தஞ்சு சதம் இருந்தாத்தான் விடுவாகளாம். அந்த அஞ்சும் செவ்வாக்கிழமை மேடம். நீங்க கூப்பிட்டு விட்ட நாளு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவளுக்கு அந்த நேரத்தில் லேப் இருக்குமா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல நீ?"

"சொன்னேன் மேடம். ரெண்டாவது கூட்டத்துலயே சொன்னேன். பார்த்துக்கலாம்னீங்க."

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. ஒரு தேர்வு நின்றாலும் படிப்பை நிறுத்தி, வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற மில் வேனில் ஏற்றிவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருக்கிறாராம். அதையும் அதே குரலில்தான் சொன்னாள்.

வேதியியல் துறைத் தலைவர் சங்கரபாண்டியனிடம் ஓடினேன். "நீங்க கூப்பிட்டது எனக்கும் தெரியும் மேடம். கல்லூரி வேலையாப் போனான்னு முதல்வர்கிட்ட ஒரு சீட்டு வாங்கியாங்க, சேர்த்துக்கிடுறேன்" என்றார்.

முதல்வர் சீட்டு தர மாட்டேன் என்றார்.

"சீட்டு குடுத்தா, லேப் நேரத்துல கூட்டம் நடந்துச்சுன்னு ஆகுது. உங்க குறிப்பேட்டுல நாலு மணின்னு இருக்கு. அடுத்த மாசம் ஆய்வுக்குழு வருது. எதைக் காட்டச் சொல்றீங்க?"

"அவ படிப்பு சார்."

"ஒரு வருஷம்தான மேடம். அடுத்த வருஷம் எழுதட்டும். அதுவரைக்கும் மையம் அவளுக்கு உறுதுணையா இருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி அவர் மேல், பாதி என் மேல். இந்த மையம் என்று ஒன்று இல்லாமலே இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பதினைந்து லேப்பும் செய்து, பேசாமல் தேர்வு எழுதியிருப்பாள்.

அன்று மத்தியானமே ஒரு தாளை எடுத்தேன். ஐந்து கூட்டங்களும் காலையில், அவளுடைய லேப் நேரத்தில் நடந்தன. மாலை என்று பொய்யாக எழுதியது நான். அவள் மேல் தவறில்லை. கையெழுத்துப் போட்டு முதல்வருக்கு ஒன்று, சங்கரபாண்டியனுக்கு ஒன்று கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"சீட்டுக்குப் பதிலா இதை வச்சே பேரைச் சேர்த்திருவேன். ஆனா உங்களுக்கு மெமோ வரும்."

"வரட்டும்."

மூன்றாம் நாள் வந்தது. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் போனது. துணிச்சலாகச் செய்துவிட்டேன் என்று பீற்றிக்கொள்ள முடியாது. பதினேழு வருஷ வேலையில் முதல் மெமோ, இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அவள் பெயர் லிஸ்ட்டில் ஏறிவிட்டது.

அடுத்த வாரம் ஹால் டிக்கெட் வந்தது. காலை இடைவேளையில் எல்லாரும் அலுவலக ஜன்னலில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். அருஞ்சுனைக்கு மட்டும், அப்புறம் வா என்று சொல்லிவிட்டார்களாம். மூன்றாம் பாடவேளை அவள் வகுப்புக்குத் தமிழ். நான் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் நல்லகண்ணு வாசலில் வந்து நின்றார்.

"மேடம், அருஞ்சுனைய முதல்வர் கூப்பிடுறாக. மையத்துல வச்சு ஹால் டிக்கெட்டு குடுக்காகளாம். போட்டோக்காரர் வந்து காத்துக்கிட்டு இருக்காரு."

'போயிட்டு வா' என்று சொல்ல என் வாய் பாதி திறந்துவிட்டது. பழகிய வாய். அதற்குள் அவளே எழுந்தாள்.

"அண்ணே, எல்லாரும் ஜன்னல்லதான வாங்குனாக. மத்தியானம் நானும் அங்கயே வந்து வாங்கிக்கிடுறேன்னு சொல்லுங்க. இப்பக் கிளாசு நடக்கு."

நல்லகண்ணு என்னைப் பார்த்தார். "முதல்வர்ட்ட என்னன்னு மேடம் சொல்ல?"

"அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் உட்கார்ந்து நோட்டில் விரலை வைத்தாள்.

"மூணாவது வரியில நிறுத்துனீங்க மேடம்" என்றாள்.