பதினொரு பேருக்கு ஒரு நம்பர்

இப்போதெல்லாம் யாரும் யாருக்கும் நின்று பதில் சொல்வதில்லை. கேட்டால், கதவில் ஒட்டியிருக்கிறது பாருங்கள் என்கிறார்கள். கதவைப் பார்த்தால், போனில் பாருங்கள் என்று எழுதியிருக்கிறது. போனைப் பார்த்தால், நேரில் வாருங்கள் என்கிறது. மனிதனை அலைய விடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பார்கள் போல.

நகராட்சி நீச்சல் குளத்தில் முப்பத்தொரு வருஷம் மோட்டார் ரூமில் இருந்தவன் நான். தண்ணீரைச் சுத்தம் பண்ணுவது, குளோரின் போடுவது, இலை அள்ளுவது எல்லாம் என் வேலை. நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், குளத்தை நடத்தும் பொறுப்பை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டு நகராட்சி கையைக் கழுவிக்கொண்டது. கட்டிடம் நகராட்சியுடையது, நடத்துவது கம்பெனி. குழாய் உடைந்தால் இவன் அவனைக் காட்டுவான், அவன் இவனைக் காட்டுவான்.

அது அவர்கள் பாடு. என் கவலை ஒன்றுதான். என் மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மார்பளவு தண்ணீரில் நடக்கச் சொன்னார் டாக்டர். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்திலிருந்து பதினொன்று வரை குளத்தில் வயதான பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் உண்டு. இவளோடு சேர்த்துப் பதினொரு பேர். இரண்டு வருஷம் விடாமல் நடந்ததில், எங்கள் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் இறங்க ஆரம்பித்திருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தைக் கம்பெனி நிறுத்திவிட்டது. கண்ணாடிக் கதவில் ஒரு தாள், அவ்வளவுதான்.

நிறுத்திய மூன்றாவது வாரம் வீட்டுப் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க முன்னாடி போங்க. முட்டி கொஞ்சம் முரண்டு பிடிக்குது, சமாதானம் பண்ணிட்டு வர்றேன்."

சமாதானம் ஆகக் கால் மணி நேரம் பிடித்தது. மறுநாளே மேனேஜரைப் பார்க்கக் கிளம்பினேன். அவளும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள், அந்தக் காலை வைத்துக்கொண்டு. டீச்சரம்மாவும் சேர்ந்துகொண்டார். பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அந்தப் பதினொரு பேருக்கும் தலைவி மாதிரி.

முன்பு டிக்கெட் கொடுத்த அறையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், தூக்கம் போதாத கண், கழுத்தில் அடையாள அட்டை.

"ஒரு ஆளுக்காக ஒரு மணி நேரம் குளத்தை ஒதுக்க முடியாதுங்க ஐயா. குறைஞ்சது எட்டுப் பேர் பதிவு பண்ணணும். ஒப்பந்தத்துலயே இருக்கு."

"ஒரு ஆளா? யார் காதுல பூ சுத்தறீங்க? அந்தப் பதினொரு பேரும் இறங்கினா குளத்துல தண்ணி ஒரு விரக்கடை ஏறும்."

"ஏங்க!" என்றாள் மனைவி.

மேனேஜர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்க. நாங்க வந்ததுலேர்ந்து அந்த நேரத்துக்கு ஒரே ஒரு நம்பர்தான் பதிவாகுது."

டீச்சரம்மா குனிந்து பார்த்தார். "அது என் நம்பராச்சே."

"அப்ப மத்த பத்துப் பேர்?" என்றார் மேனேஜர்.

டீச்சரம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். என் மனைவியும் திரும்பினாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

கம்பெனி வந்த முதல் வாரமே, வருகிறவர்கள் அவரவர் போன் நம்பரைக் கொடுத்துப் பதிய வேண்டும் என்றார்கள். நான்தான் கேட்டுக்கு வெளியே நின்று பெண்களையெல்லாம் கூப்பிட்டு, கொடுக்காதீர்கள், விற்றுவிடுவார்கள், அப்புறம் கண்ட கண்டவன் கூப்பிட்டு உயிரை வாங்குவான் என்றேன். டீச்சரம்மா மட்டும் என்னை மதிக்காமல் கொடுத்துவிட்டார். கேட்டில் இருக்கும் காவலாளி என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்தவன். டீச்சரம்மா போனைக் காட்டுவார், அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வான், அத்தனை பேரும் அந்த ஒரு நம்பரில் உள்ளே போய்விடுவார்கள். பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தேன்," என்றார் டீச்சரம்மா. "இது எனக்கே உறைக்கலையே."

"உள்ள விட்டது யாரு?" என்றார் மேனேஜர். வாசலில் நின்ற காவலாளி கூரையில் எதையோ தேட ஆரம்பித்தான்.

"அவனை விடுங்க. எல்லாம் நான் சொன்னதுதான்."

"ஏன் ஐயா? உங்க நம்பரை வச்சு நாங்க என்ன பண்ணப்போறோம்?"

"என்ன பண்ணுவீங்கன்னு தெரிஞ்சா நான் எதுக்குப் பயப்படப்போறேன்?"

"கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருங்களேன்," என்றாள் மனைவி. நாற்பத்திரண்டு வருஷத்தில் வெளி ஆள் முன்னால் அவள் அப்படிச் சொன்னதில்லை. "தம்பி, பதினொரு நம்பரும் கொடுத்தா மறுபடி விடுவீங்களா?"

"இன்னிக்கே போட்டா வெள்ளிக்கிழமை வரலாம்மா. ஆனா ரெண்டு மாசத்துக்குத்தான். எத்தனை பேர் வர்றாங்கன்னு பாத்துட்டு மேல முடிவு பண்ணுவாங்க."

"யாரு?" என்றேன்.

"தலைமை ஆபீஸ்."

"அது எங்க இருக்கு?"

வேறு ஊர் என்றார். அவரே போனதில்லையாம்.

டீச்சரம்மா அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டார். "அண்ணன் ஒத்துக்கிட்டாரா?" என்று ஒருத்தி கேட்டது எனக்கே கேட்டது.

"உங்க அண்ணன் பவுசு கந்தலாகிக் கிடக்கு. நீ சரின்னு மட்டும் சொல்லு."

பத்து முடிந்தது. என் மனைவிக்குத் தனியாகப் போன் கிடையாது. வீட்டுக்கு இருப்பது ஒன்றுதான், அது என் சட்டைப்பையில் இருந்தது. மேனேஜர் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக, பல்லைப் பிடுங்கிக் கொடுப்பது போல.

"வேற யார்கிட்டயும் போகாதுங்க ஐயா. நான் பொறுப்பு."

"நீங்க எத்தனை நாளைக்கு இங்க இருப்பீங்க?"

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தார். "எனக்கும் ஒரு வருஷ ஒப்பந்தம்தாங்க. அதுல பாதி போச்சு."

அப்புறம் என்ன பொறுப்பு? மனைவியும் டீச்சரம்மாவும் அதற்குள் வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவள் முகம் தெளிந்திருந்தது. நான் அதைக் கெடுக்கவில்லை. வண்டி பிடிக்கிறேன், நீ மெதுவாக வா என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். அந்த ஆள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை.