ஈ மொய்க்காத தவளைகள்

ஆபீசில் அவளுக்குக் கத்திரி என்று பேர். வைத்தவர் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார். ஞாயிறு இதழில் 'அதிசய உயிர்கள்' பக்கம் அவள் பொறுப்பு. இரண்டு தலை ஆமையோ, வெள்ளைக் காக்கையோ, எது வந்தாலும் பன்னிரண்டு வரிக்குள் அடக்கிவிடுவாள். செய்தியை வாலிலிருந்து வெட்டுவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். முக்கியமானது தலையில் இருக்கும், கடைசிப் பாரா போனால் ஒன்றும் குடி முழுகிப் போகாது என்பார்கள். முழுகாதாம்!

வெள்ளிக்கிழமை ஏரிக்கரை நிருபரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவருக்கு மருந்துக்கடைதான் தொழில். எப்போதாவது எழுதி அனுப்புவார். ஏரிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் நூற்றுக்கணக்கான தவளைகள் காயமே இல்லாமல் செத்துக் கிடக்கின்றன, ஆனால் ஒரு ஈ கூட மொய்க்கவில்லை என்று எழுதியிருந்தார். அவளுக்கு வாயெல்லாம் பல். தலைப்பு தானாக வந்து விழுந்தது. சாயங்காலம் மெத்தைக் கடை விளம்பரம் ஒன்று வந்து பக்கத்தின் அடியை விழுங்கியபோது, கடைசியில் இருந்த மூன்று வரியைப் படிக்காமலேயே எடுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தம்பி ஃபோன் செய்தான்.

"அக்கா, இந்தத் தவளை மேட்டர் நெஜமா, இல்ல நீயே அடிச்சு விட்டதா?"

"போடா! சந்தேகமா இருந்தா போய்ப் பாரு. உங்க வீட்டுலேருந்து முக்கால் மணி நேரம்தானே? அப்படியே நாலு படம் எடுத்துட்டு வா, அடுத்த வாரம் போடறேன்."

"சரி, அவளையும் கூட்டிட்டுப் போறேன். வீட்டுலயே அடைஞ்சு கிடக்கறேன்னு ஒரே புலம்பல்."

தம்பிக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகிறது. அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்தவளே இவள்தான். நல்லா சுத்திட்டு வாங்க என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினாள்.

எட்டேகாலுக்கு அவள் மேஜை ஃபோன் அடித்தது. ஏரிக்கரை நிருபர்.

"யாருங்க என் செய்திய வெட்டுனது?"

"நான்தான் சார். இடம் இல்ல."

"தவளைய வெட்டியிருக்கலாமே! கடைசியில என்ன எழுதியிருந்தேன்னு படிச்சீங்களா? மூணு பேர் கடைக்கு வந்து வழி கேட்டாங்க, திட்டித் திருப்பி அனுப்பினேன். கேக்காம போறவங்கள எப்படிம்மா தடுப்பேன்?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் அனுப்பியதைத் திரையில் திறந்து, வெட்டிய மூன்று வரிக்குப் போனாள். பூமிக்கடியிலிருந்து ஒரு வாயு கசிகிறது, நிறமும் வாசமும் கிடையாது, காற்றை விடக் கனம், காற்றடிக்காத காலை நேரத்தில் பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும் என்றது முதல் வரி. ஈ உட்கார வந்தாலும் செத்துத்தான் விழும், யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்றது இரண்டாவது. மூன்றாவதைப் படிக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு இலை அசையவில்லை.

செல்லில் தம்பியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை எடுத்தான்.

"அக்கா, நெஜந்தான்! கிடக்குது பாரு, பாய் விரிச்ச மாதிரி!"

"எங்கேடா நிக்கிறே?"

"மேட்டுல. அவ இறங்கியிருக்கா. நீ படம் கேட்டேல்ல, கிட்டப் போய் எடுத்தாத்தான் நல்லா வரும்னு ஒரே அடம்."

"மேல வரச் சொல்லு! இப்பவே! விஷ வாயுடா அது!"

"ஏய், மேல வா! காது கேக்கல? அக்கா... அவ உக்காந்துட்டா. தலை சுத்துது போல. இரு, போய்த் தூக்கிட்டு..."

"இறங்காதே!"

மேஜை ஃபோனில் நிருபர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டிக்குச் சொல்கிறேன், வந்து சேர இருபது நிமிடமாவது ஆகும் என்று சொல்லி ஃபோனை வைத்தார். அவள் கண் திரையில் மூன்றாவது வரிக்குப் போனது. யாராவது மயங்கி விழுந்தால் தூக்கப் போகாதீர்கள். தூக்கப் போனவரும் எழுந்து வர மாட்டார்.

"அக்கா, சாஞ்சுட்டா. பத்தடிதான் இருக்கும். மூச்சைப் புடிச்சுக்கிட்டு ஓடி இழுத்துட்டு வந்துடறேன்."

"டேய் கண்ணு, என் மேல சத்தியம், போகாதே. நீயும் விழுந்துடுவே. ஆளுங்க வந்துக்கிட்டிருக்காங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"இருபது நிமிஷம்."

"அதுவரைக்கும் அவ தாங்குவாளா?"

அவள் அந்த மூன்றாவது வரியை அப்படியே அவனுக்குப் படித்துக் காட்டினாள்.

"என் பொண்டாட்டிய அங்கேயே விட்டுட்டு வேடிக்கை பாக்கச் சொல்றியா அக்கா?"

"ஆமாம்டா," என்றாள்.

ஃபோன் தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவன் ஓடும் சத்தம், மனைவியைக் கூப்பிடும் சத்தம், ஒரு தடவை, இன்னொரு தடவை. ஆபீஸே திரும்பிப் பார்க்க அவள் அவன் பேரைச் சொல்லி அலறினாள். அழைப்பு துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கம் கேட்கத்தான் ஆள் இல்லை.