விலகுபவர் காரணம் சொல்ல வேண்டும்

"ஓட்டு எட்டுக்கு ஏழு," என்றான் தோர்லைஃப், கடையில் உருளைக்கிழங்கைப் பொறுக்கியபடி. "எட்டாவது கை என்னோடது. நிம்மதியா தூங்கு."

"அன்னைக்குப் பாத்து மூட்டுவலின்னு தூக்காம இருந்துடாதே."

"தூக்க முடியலைன்னா நீ வந்து தூக்கிப் பிடி."

சென்ற வாரம் நடந்த பேச்சு இது. பள்ளியில் கூடப் படித்தவன், ஊராட்சி மன்ற உறுப்பினன். அவன் வார்த்தையை நம்பித்தான் இன்று மன்றத்தின் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தீவின் கரையில் அப்பா விட்டுப்போன படகுக் கொட்டகையை வீடாக மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தேன். என் வாடகை வீட்டின் சொந்தக்காரர் செப்டம்பரில் திரும்பி வருகிறார். தீவில் வேறு வீடு காலியில்லை. அனுமதி கிடைக்காவிட்டால், ஓலெசுண்ட் நகரத்தில் மகள் இருக்கும் மூன்றாவது மாடிக்குப் போய்விட வேண்டியதுதான்.

முன்பெல்லாம் இதை மாவட்டத் தலைநகரில் முகம் தெரியாத யாரோ முடிவு செய்வார்கள். இப்போது கரையில் யார் என்ன கட்டலாம் என்பது முழுவதும் எங்கள் ஊராட்சி மன்றத்தின் கையில். உறுப்பினர்கள் பதினைந்து பேர்; ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வகையில் சொந்தம். அதனால், தனக்கு உறவோ ஆதாயமோ உள்ள விஷயம் வந்தால் உறுப்பினர் எழுந்து, காரணம் சொல்லி விலக வேண்டும். போன வருடம் துறைமுகப் பிரச்சினையில் ஆறு பேர் விலகி, கூட்டம் உள்ளே நடக்கிறதா வெளியே நடக்கிறதா என்றே தெரியவில்லை.

"யாராவது விலகணுமா?" தலைவர் ஹெர்டிஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

தோர்லைஃப் எழுந்தான்.

அவனுக்குப் பதிலாக வாக்களிக்க வேண்டியவர் மீன்பிடிக் கப்பலில் எங்கோ வடக்கே இருந்தார். இனி ஏழுக்கு ஏழு. சமமானால் தலைவர் சொல்வதுதான் முடிவு. ஹெர்டிஸோ கரையில் ஓர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார்.

"யோருன் உங்களுக்குச் சொந்தமா?" ஹெர்டிஸ் என்னைக் காட்டிக் கேட்டார்.

"இல்லை."

"கொட்டகையில பங்கு இருக்கா?"

"இல்லை."

"கூடப் படிச்சதெல்லாம் ஒரு காரணமா? அப்படிப் பாத்தா இங்க நான் ஒருத்திதான் மிஞ்சுவேன். உக்காருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் உட்காரவில்லை. "அந்த வீடு வந்தா எனக்கு ஆதாயம் இருக்கு."

சிரிப்பு நின்றது. தலைகள் என் பக்கம் திரும்பின. இவள் அவனுக்கு என்ன கொடுத்தாள் என்று அத்தனை கண்களும் கேட்டன. ஒரு கோப்பை காபிக்கு மேல் நான் எதுவும் கொடுத்ததில்லை.

"என்னடா பேசறே?" வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"பார்வையாளர் பேசக்கூடாது, யோருன். தோர்லைஃப், என்ன ஆதாயம்? குறிப்புல எழுதணும்."

"இன்னும் கிடைக்கலை. நான் கேக்கவே இல்லை. எம் மனைவி தவறிப்போனப்புறம் நாலு வருஷமா கேக்கணும் கேக்கணும்னு..."

"யார்கிட்ட?"

அவன் தலைவரை விட்டு என் பக்கம் திரும்பினான்.

"மனசுல இதை வச்சுக்கிட்டு ஓட்டுப் போட்டா, அது எனக்கு நானே போட்டுக்கிட்ட மாதிரி, யோருன். நான் விலகினா உனக்கு வீடு கிடைக்காமயே போகலாம். தெரியும்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "இங்க இருந்தாலும் சரி, ஓலெசுண்ட் போனாலும் சரி... உன்கூட நானும் இருக்கட்டுமா?"